பழனியாண்டியின் குளிர்

1997ஆம் ஆண்டு பங்குனி ஆறாம் திகதி பின்னேரம் நான்கு மணிக்கு, ஒட்டுசுட்டானுக்குக் கிழக்கே ஒரு குடிசையைச் சுற்றி அரைக் கட்டை தூரத்துக்கு மலைநாட்டுப் பனிமூட்டம் இறங்கி, இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டுப் போனது. அன்று நல்ல வெயில். கிணற்றடியில் நின்ற சனம் கதைக்க வாயைத் திறந்தால் புகை வந்தது. குடிசைக்குள் பழனியாண்டி என்ற இயக்கப் பொடியன் மூன்று சாக்குகளைப் போர்த்துக்கொண்டு கட்டில் ஆட நடுங்கிக்கொண்டிருந்தான். நடுக்கம் நின்றதும் பனியும் போய்விட்டது. ஒருநாள் விட்டு மற்ற நாள், அதே நான்கு மணிக்கு, இரண்டும் திரும்ப வந்தன.

பழனியாண்டி வன்னியில் பிறந்தவன் அல்ல. எழுபத்தேழு கலவரத்தில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயம் எரிந்தபோது, ஐந்து வயதில் தாய் காத்தாயியின் இடுப்பில் இருந்தபடி வந்தவன். இருபது வருடம் இருந்தும் அவர்களை எங்கள் ஊர் ‘தோட்டத்து ஆக்கள்’ என்றுதான் சொன்னது. வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல? தொண்ணூறில் அவன் இயக்கத்துக்குப் போனான். தகப்பன் தேயிலை மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டியவர். அந்தக் கை மகனுக்கும் வாய்த்திருந்தது. ஏழு வருடத்தில் அவன் வைத்த வெடியைவிட வெட்டிய பதுங்குகுழிகளே அதிகம். மாரியில் மற்றவர்களின் குழிகளில் தவளை நீந்தும். அவனுடைய குழியில் தண்ணீர் ஓரத்துக் கானால் வழிந்தோடிவிடும். அவனை முகாமுக்கு முகாம் இரவல் கேட்டார்கள். கடைசியாக ஆற்றங்கரையில் குழி வெட்டிய இடத்தில் நுளம்பு கடித்துக் காய்ச்சல் வர, தேறி வா என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இயக்கத்தின் மருத்துவப் பிள்ளை ஜெயரூபினி சைக்கிளில் வந்து, இரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியா என்று சொல்லிக் குளிசை கொடுத்தாள். “அம்மா, காய்ச்சல் இல்லாத நாளும் குடுக்கோணும். ஒண்டையும் விட்டிடாதேங்கோ.” காத்தாயி தலையாட்டினாள். நுளம்புக் காய்ச்சல் அவளுக்குத் தெரியாததா? ஊரில் பாதிப் பேருக்கு வந்ததுதான். ஆனால் மற்றவர்கள் நடுங்கும்போது பனி வரவில்லையே! “இது காச்சல் இல்லங்க. எங்க ஊருக் குளிரு. புள்ளயத் தேடிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்கு” என்று ஜெயரூபினி போன பிறகு அயலுக்குச் சொன்னாள். இருபது வருடம் வேர்த்து வேர்த்தே கிடந்த மனுசி, பெட்டியின் அடியில் இருந்த கறுப்புக் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, முற்றத்தில் குந்தி, தன் வாயிலிருந்து வரும் புகையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து அதற்குமுன் ஒருவரும் கண்டதில்லை. குளிசை விழுங்கினால் மகன் சத்தியெடுத்தான், பனியும் மெலிந்தது. இரண்டாம் நாளோடு அவள் குளிசையை நிறுத்திவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்தாள்.

அவளை மட்டும் குற்றம் சொன்னால் எங்கள் நாக்கு அழுகிப்போகும். அது பெரும்போக அறுவடைக் காலம். வெளி வயலில் ஆட்கள் கூடி நின்றால் குண்டு போடக் கிபிர் விமானம் வந்து சுற்றும். பனிக்குள் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தரம் வந்து சும்மா திரும்பியது. ஆகவே சனம் ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு மணிக்கு அரிவாளோடு வரம்பில் காத்து நின்றது. ஊரில் உழவு இயந்திரம் வைத்திருந்த வீரகத்தியர் தன் ஐந்து ஏக்கரையும் அப்படித்தான் வெட்டி முடித்தார். “அவசரப்படாதை பிள்ளை, குளிர்தானே. இன்னும் ரண்டு தரம் பொறுத்துப் பாப்பம்” என்று காத்தாயிக்குச் சொன்னவரும் அவர்தான். வெட்டிய நெல்லைச் சூடு அடித்து முடியும்வரை ஒருவரும் ஜெயரூபினிக்குச் சொல்லியனுப்பவில்லை.

எட்டாவது தரம் குளிர் வந்தபோது பழனியாண்டி தாயைப் பார்த்து, “யாரு நீங்க?” என்று கேட்டான். காத்தாயி கம்பளியை எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். வீரகத்தியர் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் இருந்த நெல்மூட்டைகளை உருட்டித் தள்ளிவிட்டு, இருவரையும் ஏற்றிக்கொண்டு மாங்குளம் ஆஸ்பத்திரிக்கு விட்டார். பனியும் கூடவே வந்தது. பட்டப்பகலில் லைற் போட்டு ஓட்டவேண்டியிருந்தது. மாங்குளத்துக்கு இரண்டு கட்டை இருக்கும்போது பனி சடாரென்று விலகி, வெயில் அடித்தது. “நிப்பாட்டுங்க” என்றாள் காத்தாயி. வீரகத்தியர் திரும்பிப் பார்க்காமல் இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டினார். நிறுத்த அவருக்குத் தைரியம் வரவில்லை.

சண்டையில் சாகாவிட்டாலும் இயக்கத்தார் அவனை மரியாதையோடுதான் அடக்கம் செய்தார்கள். கூரைக் கிடுகுக்குள் செருகியிருந்த மிச்சக் குளிசைகளைக் கண்ட ஜெயரூபினி அவற்றை எண்ணினாள். “நாந்தாம்மா கொன்னுட்டேன்” என்று காத்தாயியே சொன்னாள். வீரகத்தியர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு அடுத்த நாள் நான்கு மணிக்குப் பனி வந்தது. இந்தமுறை அவளுடைய முற்றத்தளவுதான், ஆனால் பழையபடி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டே இருந்தது. தொண்ணூற்றெட்டுக் கடைசியில் ஊரே இடம்பெயர்ந்தபோது அதுவும் அவளோடு காட்டுக்குள் போய், இரண்டாயிரத்தில் அவளோடு திரும்பி வந்தது. அகதிக் கொட்டில்களில் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சட்டை போட்டுவிடப் பழகிக்கொண்டார்கள்.

2001 மாசியில் ஒருநாள், பனி வரும் நேரத்துக்குச் சற்று முன், நாலாம் வீட்டு நாகேஸ்வரி தள்ளாடிக்கொண்டு வந்து முற்றத்தில் குந்தினாள். “உடம்பு நெருப்பாய்க் கொதிக்குது அக்கா. பனிக்குள்ள கொஞ்சம் இருந்திட்டுப் போறன்.” காத்தாயி அவளுடைய நெற்றியைத் தொட்டாள். “எந்திரி” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மூன்று கட்டை நடந்து, ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுப்பித்து, முதல் குளிசை தொண்டைக்குள் இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அவள் வீடு திரும்ப ஏழு மணியாகிவிட்டது. ஆறு மணிக்கே போகவேண்டிய பனி முற்றத்தில் அப்படியே நின்றது.

“அந்தப் புள்ள முழுங்கிருச்சுய்யா” என்றாள் காத்தாயி பனியைப் பார்த்து, மூச்சு வாங்க. “நாளைக்கும் நானே போயி குடுக்குறேன். காச்சல் இல்லாட்டியும் குடுப்பேன். நீ போய்யா.”

பனி போனது. மறுநாள் அவள் நாகேஸ்வரி வீட்டுக்குக் குளிசை கொடுக்கப் போனாள். அதற்கு மறுநாள் நான்கு மணிக்குப் பனி வந்தது.