மாலைக்காக வெட்டிய கடல்

எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டு ஹாலில், மாலை போட்ட அப்பா நீல வானத்துக்கு நடுவே சிரித்துக்கொண்டிருப்பார். அந்த வானம் காளிகாட் ஸ்டுடியோக்காரர் தீட்டியது. அசல் படத்தில் அவருக்குப் பின்னால் இருந்தது கங்கை கடலில் கலக்கும் இடம். காலடியில் பாறை பாறையாகச் சிப்பி. பக்கத்தில் அம்மா.

அப்பாவுக்குத் துறைமுகத்தில், ஆற்றின் ஆழம் அளக்கப் போகும் சர்வே லாஞ்ச் படகில் வேலை. எழுபத்திரண்டில், கல்யாணமான புதிதில், அம்மாவையும் கூட்டிப்போய், நீர் வடிந்த நேரத்தில் ஒரு திட்டில் இறங்கி எடுத்த படம். மற்ற படங்களில் எல்லாம் மனிதர் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் முறைப்பார்.

அதனால் தொண்ணூற்றெட்டில் அவர் போனபோது பதிமூன்றாம் நாளுக்கு அந்தப் படம்தான் என்று முடிவாயிற்று. அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உயிரோட இருக்கறவளுக்கும் சேர்த்தா மாலை போடுவா? என்னை எடுத்துடச் சொல்லு."

ஸ்டுடியோக்காரர் மகா சுறுசுறுப்பு. படத்தையே கத்தரித்து அப்பாவின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டார். நெகடிவ் எப்போதோ வீடு மாற்றியதில் தொலைந்திருந்தது. அன்றைக்கு யாரும் அதற்காக வருத்தப்படவில்லை.

ஐந்து வருஷம் கழித்து என் தங்கை ரஞ்சனா வருத்தப்பட்டாள். கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். அந்தத் திட்டில் மறுபடி சிப்பி வளர்த்தால் கரை அரிக்காது, மீன் திரும்பி வரும் என்று திட்டம் போட்டிருந்தாள். அனுமதி தரவேண்டிய கமிட்டியோ, அது என்றைக்கும் வெறும் சேறுதான், தூர் வாரிய மண்ணைக் கொட்டத்தான் லாயக்கு என்றது. முன்பு சிப்பி இருந்தது என்றால் படம் காட்டு, இல்லையா, கண்ணால் பார்த்தவரைக் கூட்டி வா என்றார்கள்.

பரணைக் கவிழ்த்தாள். காளிகாட்டுக்கு ஓடினாள், ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. அப்பாவோடு லாஞ்சில் போன துரைசாமி மாமாவைத் தேடி கரக்பூர் வரை போனாள். அவருக்குத் தன் பெயரே ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து, "மிச்சப் படத்தை எங்கேயாவது வச்சிருக்கியாம்மா?" என்று தினம் ஒரு தரம் கேட்பாள். "வெட்டிட்டானேடி" என்பாள் அம்மா, தானே கத்தரி பிடித்தவள் மாதிரி.

கமிட்டி கொடுத்த கெடு முடிந்தது. மண் கொட்ட அனுமதி கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் ரஞ்சனா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்து அழுதாள். அம்மா காபியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நன்னாத்தான் இருந்தது அந்த இடம். லைட்ஹவுஸ் அப்பாவோட வலது தோளுக்கு நேர் பின்னாடி. எதிர்க்கரையிலே ஒத்தைப் பனை. கால் வைக்க இடமில்லாம சிப்பி. ஒண்ணு என் காலைக் கிழிச்சுடுத்து, அப்பா கர்ச்சீப்பால கட்டினார். இதோ பாரு."

புடவைக் கரையை விலக்கினாள். கணுக்காலுக்குக் கீழே நீளமாக வெள்ளைத் தழும்பு. ஏதோ அடுப்படிக் காயம் என்று நான் நினைத்திருந்தேன்.

ரஞ்சனா நிமிர்ந்தாள். "ஏம்மா இதை இத்தனை நாளாச் சொல்லலை?"

அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள், பிறகு அவளை.

"நீ படத்தைத்தானேடி கேட்டே?"