நடந்து காட்டு

நாளை காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய தங்கை, இன்று முடி வெட்டிக்கொள்ள அக்காவின் கடைக்கு வந்திருந்தாள். முட்டியில் கட்டோடு படுத்துக் கிடக்கிற நேரத்தில் இவ்வளவு நீள முடியை யார் சிக்கெடுப்பது என்று அவளுக்குக் கவலை. வாசலில் இருக்கும் இரண்டு படிகளை ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. முட்டிகள் உள்ளே சாய்ந்து ஒன்றையொன்று உரச, பாதங்கள் ஆளுக்கொரு திசையில் விலக, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்தியா, இவ்வளவுதான் என் ஓட்டம்" என்று சிரித்தாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து செருப்பைக் கீழே நழுவவிட்டாள். அக்கா தன் சக்கர முக்காலியை உருட்டிக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். சில மாதங்களாகவே அவள் அந்த முக்காலியை விட்டு எழுவதில்லை. வயதாகிறது, இடுப்பு வலி என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பட்டப்பெயர், கத்தரி. முட்டி சேர்ந்து பாதம் விரிந்த கால்களைப் பார்த்து எந்தப் புண்ணியவான் வைத்ததோ. பெரிய கத்தரி, சின்னக் கத்தரி. பெரியவள் கடைசியில் கத்தரியையே பிடித்துப் பிழைக்கப் போனதில் கூடப் படித்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சிரிப்பு. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன், அதிகம் கோணியிருந்த அவளுடைய வலது முட்டியை மாற்றினார்கள். தசையை அறுக்காமல் விலக்கிவிட்டு, சின்ன வெட்டு வழியாகவே செய்து முடித்த வேலை. கால் நேரானது. நாள் முழுக்க நின்றபடி முடி வெட்டினாள். நடுவிரல் நீளத் தழும்பைக் கேட்டவர்களுக்கும் காட்டினாள், கேட்காதவர்களுக்கும் காட்டினாள். தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் "நடந்து காட்டு" என்பாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில், கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மகாராணியாக நடப்பாள். தங்கை கைதட்டுவாள். ஆனால் தனக்கு ஆபரேஷன் என்று பேச்செடுத்தால் மட்டும் நழுவிவிடுவாள். "என்னைப் பாரு, எனக்கு என்ன ஆச்சு?" என்று விடாமல் கரைத்தது அக்காதான். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையுமாம். இவள் இந்த வருஷம்தான் கரைந்தாள்.

போன மாதம் டாக்டர் அக்காவுடைய முட்டியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இத்தனை வருஷம் நல்லா உழைச்சிருக்கும்மா. இப்ப உள்பக்கத்து நார் தளர்ந்துடுச்சு. நடுவுல வெச்ச பிளாஸ்டிக் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. கால் பழையபடி சாய ஆரம்பிச்சிருக்கு. மறுபடி பண்ணணும். இந்தத் தடவ வெட்டு சின்னதா இருக்காது."

தங்கைக்கும் இப்படித்தான் ஆகுமா என்று அக்கா கேட்டாள்.

"நிறைய பேருக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கு. அவங்களுக்கு எப்படி இருக்கும்னு இப்பவே என்னால சொல்ல முடியாது."

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். "கல்லு மாதிரி இருக்காம்" என்றாள் அக்கா. யோசித்துச் சொன்னதில்லை, வாய் முந்திக்கொண்டது. உண்மையைச் சொன்னால் தங்கை பின்வாங்கிவிடுவாள். பின்வாங்கினால் அடுத்த வருஷம் இந்த இரண்டு படிகளைக்கூட ஏற மாட்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்கிறார்கள். ஒரு ஆபரேஷனுக்கு எத்தனை சொல்லலாம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. தான் செய்வது நல்லதா துரோகமா என்று தெரியாமல் அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

முடி கொத்துக்கொத்தாக விழுந்தது. தங்கை கண்ணாடியில் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பயமா இருக்கு."

"பயப்படலன்னாத்தான்டி ஆச்சரியம்."

"ஒரு தடவ நடந்து காட்டேன். பாத்து ரொம்ப நாளாச்சு."

கத்தரி நின்றது. "கடையிலயா? யாராவது வந்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எனக்காக நட."

அக்கா நாற்காலியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தாள். நல்லவேளை, நீளக் காம்பு வைத்த துடைப்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முடியைக் கூட்டுகிற பாவனையில் அதை அழுந்த ஊன்றி, தொடையை இறுக்கி, கால்களை வேண்டுமென்றே அகட்டி வைத்து, சுவர்வரை போய்த் திரும்பி வந்தாள். முட்டியில் கிளம்பிய குத்தல் இடுப்புவரை ஏறியது. முகத்தில் சிரிப்பை மட்டும் விடவில்லை. தங்கை கழுத்தைச் சுற்றியிருந்த துணிக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்துத் தட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"போதும்க்கா. இனிமே பயமில்ல."

அதைக் கேட்டதும் அக்காவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெட்டி முடித்துத் துணியை உதறியதும் தங்கை இறங்கி, காலுக்கு அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு, புதுக் குட்டை முடியைத் தடவியபடி படியிறங்கிப் போனாள். அக்கா காலால் துழாவி, மிச்சமிருந்த ஜோடிக்குள் பாதங்களை நுழைத்தாள். சரியாகப் பொருந்தியது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அவளே வாங்கி, ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தது. ஒரே நிறம், ஒரே அளவு. வலது பாதம் உள்விளிம்பில் தேய்ந்திருந்த பள்ளத்தில், பழகிய இடம்போலப் போய் உட்கார்ந்தது. அப்புறம்தான் கவனித்தாள். அவளுடைய செருப்பில் எப்போதும் முடித்துணுக்கு ஒட்டியிருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை.

துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு விரைந்தாள். தங்கை தெருவில் பாதி தூரத்தில் நின்றிருந்தாள். முடி குத்தியிருக்க வேண்டும். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வலது செருப்பைக் கழற்றி உதறினாள். கீழே போடப் போனவள் போடவில்லை. புரட்டிப் பார்த்தாள். அடிப்பாகத்தின் உள்விளிம்பை விரலால் தடவினாள். எந்த இடம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அக்காவுக்கு இங்கிருந்தே தெரியும். நேரான கால் செருப்பை அந்தப் பக்கம் தேய்க்காது. தங்கை குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு கடையைப் பார்த்தாள்.

அக்கா துடைப்பத்தைக் கதவோரம் சாய்த்து வைத்தாள். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் படியிறங்கி, முட்டிகள் ஒன்றையொன்று உரச, தங்கையை நோக்கி நடக்கத் தொடங்கினாள். தங்கை செருப்பைக் கையில் வைத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.