கண்டதும் அடித்ததும்

லிட்டில் தாக்ஸம் ஊர்க்கடையில் தபால் கவுண்டருக்கும் ஐஸ்கிரீம் பெட்டிக்கும் நடுவே ஓர் ஆணியில் நோட்டுப் புத்தகம் ஒன்று கயிறு கட்டித் தொங்கும். அட்டையில் 'கண்டவை' என்று எழுதியிருக்கும். பறவையோ பூச்சியோ பூவோ, ஊருக்குள் யார் எதைப் பார்த்தாலும் அதில் எழுதலாம். மாதக் கடைசியில் அதில் தேறியதை எடுத்து ஊர்ப் பத்திரிகையில் போடுவது உர்சுலா பெட்டிஃபரின் வேலை. அவள் முப்பத்தொரு வருஷம் வருமானவரி ஆபீஸில் அடுத்தவர் எழுதிக் கொடுத்த எதையும் நம்பாமலே சம்பளம் வாங்கியவள். ஓய்வு பெற்ற அன்று நாற்காலியை விட்டுவிட்டாள், சிவப்புப் பேனாவை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டாள்.

"கண்டவைன்னு பேர் வெச்சதுதான் தப்பு. கண்டதையும் எழுதித் தொலைக்கிறாங்க" என்றாள், ஜூலை முதல் தேதி காலையில் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே.

'தங்கக் கழுகு, சர்ச் கோபுரத்துக்கு மேலே.' அது தினமும் அங்கே சுற்றுகிற, எலி பிடிக்கிற பருந்து. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. 'எங்கள் வீட்டுக் கொடியில் ஹம்மிங்பேர்ட்.' அது பூவில் தேன் குடிக்கிற அந்துப்பூச்சி. ஒரு கோடு. 'கருஞ்சிறுத்தை, கோதுமை வயல், மாலை ஆறு மணி.' அது பாதிரியாரின் லாப்ரடார் நாய். 'நாயைக் கட்டிப்போடவும்' என்று ஓரத்தில் எழுதிவிட்டு அதற்கும் ஒரு கோடு.

"அந்தச் சிறுத்தையையாவது விட்டு வையேன்" என்றாள் கடைக்காரி ப்ரூ. "அதைத் தேடி வெளியூர்க்காரங்க நாலு பேர் வந்து டீ குடிச்சுட்டுப் போறாங்க."

"நாயைச் சிறுத்தைன்னு சொல்லி டீ விக்கணுமா? வெக்கமா இல்லே?"

ப்ரூவுக்கு வெட்கமாக இல்லை. ஊரில் யாருக்குமே இல்லை. அதனால்தான் உர்சுலா மெனக்கெட்டு ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு விதியையே நிறைவேற்றி, தட்டச்சு செய்து, அட்டையின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். அரிய உயிர் எதுவானாலும் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒற்றைச் சாட்சி செல்லாது.

ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த விதி அவள் தலையிலேயே வந்து விழுந்தது.

ஊர் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு முள்தோப்பு. புதரும், நாலு பழைய முள்மரமும், பாசி பிடித்த ஒரு குட்டையும்தான் அதன் சொத்து. ஊராட்சித் தலைவர் ரோட்ரிக் ஃபேன்ஷா அதை வெட்டிக் கார் நிறுத்த இடம் செய்யப்போகிறான். லண்டனில் கட்டடம் விற்றுக் கொழுத்துவிட்டு இங்கே வந்து தலைவரானவன். வருஷத்தில் ஒரு நாள் நடக்கிற கோடைத் திருவிழாவுக்கு, முந்நூறு கஜம் நடக்க உடம்பு வணங்காதவர்கள் இருபத்தெட்டுக் கார்களை நிறுத்த வேண்டுமாம். வியாழக்கிழமை வாக்கெடுப்பு.

உர்சுலா தினமும் காலையில் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு அங்கே போய், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்காருவாள். "இன்னைக்கு வெயில் நல்லா இருக்கு, இல்லே?" என்று யாரும் வந்து கேட்காத இடம் இந்த ஊரிலேயே அது ஒன்றுதான். வீட்டில் அவளுக்காக எதுவும் காத்திருக்கவில்லை. தோப்பு போனால் காலையில் எழுந்து எங்கே போவது என்று அவளுக்குத் தெரியாது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று புதருக்குள்ளிருந்து 'டுர்ர்ர்... டுர்ர்ர்...' என்று ஒரு சத்தம். பூனை மடியில் படுத்துக்கொண்டு குர்குர் என்பது போல. உர்சுலா டீயைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். காய்ந்த கிளையில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. முதுகில் செங்கல் நிறம், கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னக் கோடுகள். காட்டுப்புறா. கூரைக்குக் கூரை உட்கார்ந்து 'கு-கூ-கு' என்று உயிரை வாங்குகிற கள்ளிப்புறா இல்லை. இந்த நாட்டிலேயே அற்றுப்போய்க்கொண்டிருக்கிற காட்டுப்புறா. அரிய பறவை பதிவாகியிருந்தால் தோப்பைத் தொடக்கூடாது என்று மாவட்ட ஆபீஸ் எழுதியே அனுப்பியிருந்தது. உர்சுலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் செய்தி சொல்ல ஓடியபோது ரோட்ரிக் திருவிழாவுக்குக் கேக் கூடாரம் எங்கே போடலாம் என்று அளந்துகொண்டிருந்தான்.

"காட்டுப்புறாவா? அட, அருமை! கூட யார் இருந்தா?"

"யாரும் இல்லை. நான்தான்."

"அடடா." இரண்டு கையையும் விரித்தான். "உர்சுலா, நீயே கொண்டுவந்த விதி. ஒத்தைச் சாட்சி செல்லாது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?" சந்தோஷத்தை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ப்ரூவைக் கூட்டிக்கொண்டு போனாள். மருமகள் சமையலறைக்கு வாங்கிய டைல்ஸ், அதன் நிறம், அந்த நிறம் ஏன் சரியில்லை என்று ப்ரூ முக்கால் மணி நேரம் பேசினாள். புறா வாயே திறக்கவில்லை. அதற்கு எங்கே சந்தர்ப்பம்! செவ்வாய்க்கிழமை பாதிரியாரிடம் போனாள்.

"அங்கே வந்து பாக்கணும்னு என்ன இருக்கு? நீங்க சொன்னாப் போதும்" என்று அவர் பேனாவை எடுத்தார்.

"பாக்காததை நம்பறது உங்க தொழில். என் புத்தகத்துல அது நடக்காது" என்று உர்சுலா, கடையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போன நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது லென் கெரிட்ஜ். தோப்பை ஒட்டிய கடைசி வீடு. வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டியை உறிஞ்சுகிற லாரியை நாற்பது வருஷம் ஓட்டியவன். ஊரில் ஒவ்வொரு வீட்டு வண்டவாளமும் அவனுக்குத் தெரியும், ஒரு வீட்டிலும் அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் புத்தகத்தில் கோணல் எழுத்தில் 'காட்டுப்புறா. முள்தோப்பு. மே 9. ரெண்டு' என்று எழுதியிருந்தான். உர்சுலா அதை அடித்தாள். 'கள்ளிப்புறா. கண்ணாடியை மாற்றவும்' என்று எழுதினாள். அது போதாதென்று, பத்திரிகையில் சிரிப்பு மூலை என்று ஒன்று உண்டே, அதிலும் போட்டாள். அதற்குப் பிறகு லென் புத்தகத்தைத் தொடவில்லை.

புதன்கிழமை அவள் போனபோது அவன் பின்வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அம்மணி, வழி தவறிட்டீங்களா? இல்லே, கண்ணாடி மாத்திட்டேனான்னு பாக்க வந்தீங்களா? மாத்தலை. இதே கண்ணாடிதான்."

"மிஸ்டர் கெரிட்ஜ், தோப்புல காட்டுப்புறா இருக்கு."

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"மே பதினொண்ணுல இருந்து. கிழக்கு மூலையில காஞ்ச கொம்பு இருக்கே, அது மேல."

"அப்போ ஏன் எழுதலை?"

லென் ஓர் அவரைக்காயை உரித்து முடித்தான். "எதுல எழுதறது? உங்க புத்தகத்துலயா? ஒரு தடவை எழுதினேனே. பப்புக்குள்ள கால் வெச்சா, பதினஞ்சு பேரும் சேர்ந்து கூ கூன்னு கத்துவானுங்க. 'புறா லென்' வந்துட்டான்னு. போறதையே விட்டுட்டேன்."

உர்சுலா வாசற்படியில் உட்கார்ந்தாள். அவன் எழுந்து உள்ளே போய், கழிவறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த நாலு வருஷத்துக் காலண்டர்களைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டான். தீவனக்கடையில் இலவசமாகக் கொடுக்கிற காலண்டர். முதல் வருஷம்: மே 9, ரெண்டு. ஜூன் 14, கூடு. ஜூலை 3, குஞ்சு ரெண்டு. அடுத்த வருஷம்: மே 13, ரெண்டு. கூடு, வடக்குப் பக்கம். அதே வருஷம் செப்டம்பரில்: வெட்டிட்டாங்க. போன வருஷம்: ஒண்ணு. இந்த வருஷம்: ஒண்ணு.

"வடக்குப் பக்கம்னா..." என்றாள் உர்சுலா.

"இப்போ இரும்புக் குண்டு உருட்டி விளையாடறாங்களே, அந்த மைதானம்."

மைதானத்துக்குத் தோப்பில் பாதியை வெட்டுமுன் மாவட்ட ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. அரிய உயிரினம் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. 'குறிப்பிடும்படி எதுவுமில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே உர்சுலா பெட்டிஃபர் என்று போட்டுக்கொடுத்தது அவள்தான்.

"இது ஆம்பளை" என்றான் லென். "ரெண்டு மாசமாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். ஜோடி இருக்கற பறவை இந்த நேரத்துக்குக் கூட்டைப் பாத்துக்கிட்டு இருக்கும் அம்மணி, இவ்வளவு பாடாது. நீங்க கேட்டு சந்தோஷப்பட்டீங்களே, அது அதான்."

"நான்... மிஸ்டர் கெரிட்ஜ், நான்..."

"விடுங்க. வாங்க, போய்ப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடலாம். உங்களுக்காக ஒண்ணும் இல்லை."

இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். அது பாடிக்கொண்டுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அழகாக இருந்த சத்தத்தை இப்போது உர்சுலாவால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. கடைக்கு நடந்து போய்ப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ரோட்ரிக் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினான்.

"ரெண்டாவது சாட்சி நம்ம லென்னா? பேஷ்." மேசை இழுப்பறையிலிருந்து பழைய பத்திரிகை ஒன்றை எடுத்தான். ஆள் தயாராகத்தான் வந்திருந்தான். "'கள்ளிப்புறாவைக் காட்டுப்புறா என்று எழுதிய நண்பருக்கு: கண்ணாடியை மாற்றவும்.' இது நம்ம பதிவாளரே எழுதினது. இவர் சாட்சியை எப்படி ஏத்துக்கறது?"

சிரிப்பு. பின்வரிசையில் எவனோ கூ கூ என்றான். லென் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

உர்சுலாவும் எழுந்தாள். "உக்காருங்க, மிஸ்டர் கெரிட்ஜ். அதை எழுதினது நான். பச்சைத் தப்பு. அவர் பாத்தது காட்டுப்புறாதான். நான் போய்ப் பாக்கவே இல்லை. எழுதினது யாருன்னு பாத்தேன், லாரிக்காரனுக்கு என்ன தெரியும்னு அடிச்சேன்." நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. நிறுத்தவில்லை. "அடுத்த வருஷம் வடக்குப் பக்கத்துல எதுவுமில்லைன்னு படிவத்துல எழுதினதும் நான்தான். அங்கே கூடு இருந்தது. நீங்க எல்லாரும் அது மேலதான் குண்டு உருட்டறீங்க. இன்னொரு தடவை என்னால அப்படி எழுத முடியாது."

யாரும் கூ கூ என்று கத்தவில்லை. ஊராட்சி உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் நாலுக்கு மூன்று. தோப்பு பிழைத்தது.

சும்மா சொல்லக்கூடாது, ரோட்ரிக்குக்குத் தோல் கெட்டி. ஒன்பதே நாளில், பத்தொன்பதாம் தேதி திருவிழாவுக்கு, தோப்பு வாசலில் ஒரு பலகையை நட்டுவிட்டான். 'காட்டுப்புறாத் தோப்பு. காத்தவர்: ரோட்ரிக் ஃபேன்ஷா.' பக்கத்தில் பெரிதாக ஒரு படம். கழுத்தைச் சுற்றி ஒரே ஒரு கறுப்புக் கோடு போட்ட, அசல் கள்ளிப்புறா.

லென் பலகையை மேலும் கீழும் பார்த்தான். "யாருக்கோ கண்ணாடி மாத்தணும், அம்மணி."

உர்சுலா சிரித்துவிட்டாள். பிறகு தோப்பைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது. பதினான்காம் தேதியிலிருந்து அங்கே சத்தமில்லை. தினமும் காலையில் அவள் ஒரு வாளிமேலும் லென் ஒரு வாளிமேலும் உட்கார்ந்து பார்த்தார்கள். காய்ந்த கொம்பு காலியாக இருந்தது.

ஊருக்கு அதைப் பற்றி என்ன கவலை? மடக்கு நாற்காலியும் கிரீம் ஊற்றிய ஸ்ட்ராபெரியும் விலைச்சீட்டுக்கூடக் கழற்றாத தொலைநோக்கியுமாக மொத்த ஜனமும் தோப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மூன்று மணிக்கு மண்டபத்துக் கூரைமேலிருந்து 'கு-கூ-கு' என்று ஒரு சத்தம். வருஷம் முழுக்க, தினமும், அதே கூரைமேல் கேட்கிற சத்தம். ஜனம் கை தட்டியது.

"கேட்டியா?" ப்ரூ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு சோகமாப் பாடுது!"

உர்சுலா கைப்பைக்குள் பேனாவைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

சாயங்காலம் லென்னோடு கடைக்குப் போனாள். புத்தகத்தில் ஒரே நாளில் இரண்டரைப் பக்கம் நிரம்பியிருந்தது. 'காட்டுப்புறா! கேட்டேன்!' 'காட்டுப்புறா, மண்டபக் கூரை, 3 மணி.' 'குடும்பத்தோடு கேட்டோம்.' ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு கையெழுத்து, மூன்று கையெழுத்து, பாதிரியார் கையெழுத்துகூட. விதிப்படி ஒன்றையும் அடிக்க வழியில்லை. அவள் சிவப்புப் பேனாவைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, கவுண்டரிலிருந்த கறுப்புப் பேனாவை எடுத்துக் கடைசி வரியில் எழுதினாள்.

'ஜூலை 19. காட்டுப்புறா. காணவில்லை. ஆறு நாளாக.'

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை லென்னிடம் நீட்டினாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான்.