கூடையோடு வந்த மகள்

...யோசித்துச் சொல்கிறேன் என்று ஏன் சொன்னேன், யாராவது அப்படிச் சொல்வார்களா, கூடையோடு வாசலில் நிற்கிறவளிடம், அதுவும் பெற்ற மகளிடம்... எங்கள் மெக்சிகோக்காரர்கள் கல்யாணத்தில் பத்ரினோவாக, அதாவது ஏதாவது ஒன்றைத் தன் செலவில் ஏற்றுக்கொள்கிறவனாக, இருக்கச் சொல்லிக் கேட்டால் மறுக்கிற வழக்கமே கிடையாது, மோதிரத்துக்கு ஒரு பத்ரினோ, மணமக்கள் தோளில் போடும் மாலைக்கயிற்றுக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர், ஆளுக்கொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதுதான் கல்யாணம். கூடை நிறைய இனிப்பு ரொட்டியோடு வந்து கேட்பார்கள், அதில் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டால் சம்மதம், அந்த நிமிடத்திலிருந்து அவன் பெண்ணின் அப்பாவுக்குக் கொம்பாத்ரே, சொந்தக்காரன், அப்புறம் சண்டைகூடப் போடக்கூடாது. ஆனால் கூடை போவது சித்தப்பா வீட்டுக்கு, சிநேகிதி வீட்டுக்கு. அப்பன் வீட்டுக்கு யார் கொண்டுபோவார்கள்? ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்ததும் இட்ஸெல்லின் முகத்துக்கு முன்னால் எனக்குக் கூடைதான் தெரிந்தது. "கேக்குக்கு நீங்க பத்ரினோவா இருக்கணும்ப்பா" என்றாள். "அப்போ கையப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போறது?" என்றேன், அதுதானே அப்பன் வேலை, கேட்காமல் இருந்திருக்கலாம், எனக்கு வாய் சும்மா இருக்காது. "நோர்பெர்த்தோ" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. நோர்பெர்த்தோ அவள் அம்மாவின் இரண்டாம் கணவன், குழாய் வேலை பார்க்கிறவன், நல்லவன், அதுதான் கஷ்டம், கெட்டவனாக இருந்தால் நான் பாட்டுக்கு நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இன்று புதன். பன்னிரண்டு மணிக்குள் பதில் வேண்டுமாம், கேக் கடைக்காரி அதற்கு மேல் காத்திருக்க மாட்டாளாம், இல்லாவிட்டால் வேறு யாரையாவது கேட்டுக்கொள்கிறேன், கோபம் ஒன்றும் இல்லை என்று காலையில் செய்தி அனுப்பியிருக்கிறாள். கோபம் இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை... மணி பதினொன்று இருபது. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக்கு எடுத்த கூடம், நீள மேஜையைச் சுற்றி நடிகர்கள், என் திரைக்கதையை முதல் முறையாக வாசிக்கிறார்கள். எப்போதோ வந்த கல்யாணச் சிரிப்புப் படம், மகளைக் கட்டிக்கொடுக்க அப்பன் படும் பாடு, அதை எங்கள் ஆட்களை வைத்துத் திரும்ப எடுக்கிறார்கள். பேரை மாற்று, சாப்பாட்டை மாற்று, மிச்சம் அப்படியே இருக்கட்டும் என்றாள் தயாரிப்பாளர் மெரடித். அப்படியே எப்படி இருக்கும் அம்மணி? பழைய படத்தில் அப்பன் ஒருத்தனே எல்லாச் சுமையையும் தூக்கிக்கொண்டு அலறுகிறான், அதற்குத்தான் சிரிப்பு. எங்கள் பக்கம் ஊரே தோள் கொடுக்கிறது, அப்பன் எதற்காக அலறுவான்? மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஞாயிறு அவள் போன அரைமணியில் வந்துவிட்டது... தன்னிடம் ஒன்றும் கேட்கவில்லையே என்றுதான் எங்கள் அப்பன் அலறுவான். வெட்கங்கெட்டவன் நான், மகள் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தோராம் பக்கம், மகள் கூடையோடு வருகிறாள், அப்பன் விஷயம் புரியாமல் ரொட்டியைத் தின்றுவிட்டு மாட்டிக்கொள்கிறான். அது போதாதென்று, நடிகர்கள் பார்க்கட்டுமே என்று, இட்ஸெல்லின் கூடையையே இன்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நாலு நாளாக ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. ஒன்றையும் தொடவில்லை.

நாற்பது முடிந்து நாற்பத்தொன்று. மகளாக நடிக்கும் யாரிட்ஸா நிமிர்ந்து பார்த்தாள், எங்கள் பக்கத்துப் பெண், இவளிடம் தப்ப முடியாது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். "மாஸ்ட்ரோ, ஒரு சந்தேகம். பெத்த அப்பாவுக்கு யாராவது கூடை கொண்டாருவாங்களா? எங்க வீட்ல கொண்டுபோனா எங்கப்பா கூடையோட சேத்து என்னையும் வெளிய தள்ளிருவாரு." எல்லாரும் சிரித்தார்கள். மெரடித் சிரிக்கவில்லை, பென்சிலைத் தட்டிக்கொண்டு, "நியாயமான கேள்விதானே, ஏன் கொண்டு வர்றா?" என்றாள். ஏன் கொண்டு வந்தாள்... அவமானப்படுத்தத்தான், வேறென்ன, நாலு நாளாக அதைத்தானே மென்றுகொண்டிருக்கிறேன், உனக்கு இதுதான் இடம் என்று காட்ட. அப்படித்தான் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அவ கல்யாணத்துல இடமெல்லாம் நிரம்பிப் போச்சு. அப்பாவுக்குன்னு இருந்த இடத்துல வேற ஒருத்தர் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனா இவரை விடவும் மனசு வரல. அதனால ஒரு இடத்த உண்டாக்கி, கூடையோட வந்து கேக்கறா." யார் பேசியது இது? என் குரல்தான். மெரடித் எதையோ எழுதிக்கொண்டாள், "படத்துல அப்பா வீட்லயேதானே இருக்காரு?" என்றாள். ஆமாம், படத்தில் அப்பா எங்கேயும் போகவில்லை... "மாத்தி எழுதறேன்" என்றேன்.

சரி, வாசிப்போம் என்று அப்பாவாக நடிக்கும் வில்ஃப்ரீதோ தொண்டையைச் செருமினான், பழைய நாடகக்காரன், உட்கார்ந்து வாசிக்கச் சொன்னாலும் உடம்பு சும்மா இருக்காது. 'அப்பா கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுக்கிறார்' என்று அவனே வாசித்து, அவனே கூடைக்குள் கையை விட்டு, மேலே சர்க்கரைப் பூச்சு வெடித்துப்போன ஒன்றை எடுத்துப் பிட்டு, வாய்க்குக் கொண்டுபோகிறான்... "டேய், அது என்னுது!" கத்தியது நான்தான், எல்லாரும் தாளிலிருந்து நிமிர்ந்தார்கள். கூடையில் இன்னும் ஐந்து இருந்தன, ஆனால் எனக்கு அவன் கையில் இருந்ததுதான் வேண்டியிருந்தது. பிடுங்கி வாயில் திணித்துக்கொண்டு வெளியே நடந்தேன். பின்னால் வில்ஃப்ரீதோ சொல்வது கேட்டது, "எழுதறவங்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுங்கம்மா."

நடைபாதை. பதினொன்று ஐம்பத்திரண்டு. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாளா? "அப்பா?" ம் என்றேன். "வாயில என்ன?" ரொட்டி. "நான் கொண்டாந்ததா? அய்யோ, கல்லா ஆயிருக்குமே, பல்லு இருக்கா போச்சா?" சிரிக்கிறாளா அழுகிறாளா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "சரி, என்ன கேக்குன்னு சொல்லுங்க, பத்ரினோதான் முடிவு பண்ணணும்." மூணு பால் கேக் என்றேன் உடனே, யோசிக்கவே இல்லை, நாற்பத்தோராம் பக்கத்திலும் அதைத்தான் எழுதியிருக்கிறேன். "எனக்குப் பால் ஒத்துக்காதுப்பா. நாலாங்கிளாஸ்லேருந்து." நான் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது மூன்றாம் வகுப்பு. "பரவால்ல விடுங்க. நோர்பெர்த்தோவக் கேளுங்க, எனக்கு என்ன பிடிக்கும்னு அவருக்குத் தெரியும். பன்னெண்டுக்குள்ள கடைக்குச் சொல்லிருங்க, என்ன?"

அவன் எண் என் போனில் இருக்கிறது, பதினேழு வருடமாக, அவசரத்துக்கு என்று அவள் அம்மா கொடுத்தது, ஒரு அவசரமும் வரவில்லை எனக்கு. மணி அடிக்கிறது... என்ன சொல்லிக் கூப்பிடுவது இந்த மனுஷனை, பேரைச் சொல்லியா, ஐயா என்றா... ரொட்டியைத் தின்றாயிற்று, தின்றவன் பெண்ணின் அப்பாவை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படித்தானே கூப்பிட வேண்டும்? அப்படிக் கூப்பிட்டால் பெண்ணின் அப்பா யார் என்று ஆகிறது? எடுத்துவிட்டான். எங்கேயோ வேலையில் இருக்கிறான் போல, தண்ணீர் கொட்டும் சத்தம். "யாருங்க?" என்றான். "கொம்பாத்ரே" என்றேன். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு அவன் குழாயை மூடினான்.