ஒரு ஆளுக்கு எதுக்கு ஏசி?

ஆபீசிலிருந்து புறப்படும்போது அவர் வீட்டுக்குப் போன் அடிப்பார். "கிளம்பிட்டேன்." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. மனைவி போனை வைத்துவிட்டு எழுந்து, ஜன்னல்களைச் சாத்தி, கூடத்து ஏசியைப் போடுவாள். முகம் கழுவி, வேர்வையில் நனைந்த உடையை மாற்றிக்கொள்வாள். கார் வந்து நிற்பதற்குள் வீடு ஜில்லென்று ஆகிவிடும். "அப்பாடா! வெளியில மனுஷன் நடமாட முடியல. நம்ம வீடு சொர்க்கம்!" என்று சோபாவில் சாய்வார் மனுஷர்.

அவர் ஒரு கம்பெனியில் மேனேஜர். ஏசியைக் குறைந்த எண்ணில் வைத்துவிட்டு ரிமோட்டைத் தன் மேஜைக்குள் பூட்டிக்கொள்வதால், ஆபீசில் அவருக்கு 'ஐஸ்பெட்டி' என்று பெயர். மகள் கடல் கடந்து போய்விட்டாள், மகனுக்கு வேறு ஊரில் வேலை. காலையில் அவர் கிளம்பிப் போனதிலிருந்து அந்தப் போன் வரும்வரை, வாடகைக்கு எடுத்த அந்தக் கான்கிரீட் வீட்டில் மனைவி தனியாக எப்படி இருக்கிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கெட்டவர் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாமல் இருப்பதும் ஒரு கொடுமைதான், என்னைக் கேட்டால்.

இப்போது சொந்த வீடு கட்டப்போகிறார்கள். இன்ஜினியர் பெண் ஒரு நாள் பிளானோடு வந்து கூடத்து மேஜையில் விரித்தாள்.

"சார், ரோடு மேற்கால இருக்கு. அந்தப் பக்கம் கண்ணாடி வேணாம். இங்க மழை அபூர்வம், மத்தியானத்துக்கு மேல வெயில் பூரா அந்தப் பக்கம்தான் அடிக்கும். மேற்கால கனமான சுவர், மாடிப்படி, ஸ்டோர் ரூம் வெச்சிடலாம். நடுவுல முற்றம், அதுல ஒரு மரம். குளிச்ச தண்ணியை அதுக்கே திருப்பி விட்டுடலாம். மேல்தளத்துக்கு வெள்ளை ஓடு. ஏசி அதிகம் தேவைப்படாது."

ஐஸ்பெட்டி சிரித்தார். "ஏம்மா, ரோட்ல போறவன் நம்ம வீட்டைத் திரும்பிப் பாக்க வேணாமா? முன்னாடி பூரா கண்ணாடி போடு. சூடா இருந்தா ரூமுக்கு ரூம் ஏசி. முடிஞ்சுது வேலை!"

"அந்த ஏசி தள்ளுற சூடு எங்க சார் போகும்? தெருவுக்குத்தானே? எல்லா வீட்லயும் இப்படியே பண்ணா?"

"தெருவைப் பத்திக் கவலைப்பட முனிசிபாலிட்டி இருக்கு. நீ என் வீட்டைப் பாரு."

டீ கொண்டுவந்த மனைவியை அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

மனைவி வாயைத் திறந்தாள். "அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கிச்சன் பெருசா இருந்தா போதும்" என்று பதிலையும் அவரே சொல்லி முடித்துவிட்டார். கண்ணாடி முகப்பு என்று முடிவாயிற்று. அடுத்த வாரம் கையெழுத்து. அது மட்டும் விழுந்துவிட்டால், இனி இருக்கிற காலமெல்லாம் அவளுடைய பகல் பொழுது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், பாவம்.

கையெழுத்துக்கு முந்தின நாள் அவருடைய ஆபீஸ் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. தெரு முழுக்க அத்தனை ஏசி ஓடினால் அதுவும்தான் எவ்வளவு தாங்கும்? ஜன்னலைத் திறக்கவே வழியில்லாத கட்டடம். மதியச் சாப்பாடு முடிவதற்குள் எல்லாரும் மூச்சு முட்டி வெளியே வந்துவிட்டார்கள். ஐஸ்பெட்டியின் போனில் சார்ஜும் இல்லை. வீட்டுக்குச் சொல்லாமலே கிளம்பினார்.

தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தவர் ஓர் அடி பின்வாங்கினார். உள்ளிருந்து அனல் அடித்தது. மின்விசிறி சுற்றியது, ஆனால் சூட்டைத்தான் வாரி இறைத்தது. சுவரில் கை வைத்தார், சுட்டது. நம் வீடுதானா என்று அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"ஏம்மா... எங்க இருக்க?"

கூடத்தில் இல்லை. படுக்கையறையில் இல்லை.

"இங்கதாங்க இருக்கேன்" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க இந்நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

கதவு சாத்தியிருக்கவில்லை. ஈரத் தரையில் ஒரு மணைப்பலகை போட்டு அதன்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். தோளில் ஈரத்துண்டு. முதுகுக்கு ஒரு பழைய தலையணை. பக்கத்தில் பாதி நறுக்கிய பீன்ஸ், ஒரு வாரப் பத்திரிகை, மூக்குக் கண்ணாடி. சோப்பு வைக்கும் இடத்தில் சின்ன ரேடியோ தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. ஒரு குடித்தனமே அங்கே நடந்துகொண்டிருந்தது.

"இங்க என்ன பண்ற?"

"இங்கதான் கொஞ்சம் தணிவா இருக்கு. மேல தண்ணி டேங்க் இருக்கறதால வெயில் நேரா இறங்காது. தரையில தண்ணியும் ஊத்திக்கலாம்."

"அதான் ஏசி இருக்கே! கரெண்டும் இருக்கு!"

"ஒரு ஆளுக்கு எதுக்கு ஏசி?"

"எப்பலேருந்து இப்படி?"

"இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து. நீங்க போன் பண்ணதும் எழுந்து வந்துடுவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. "எப்பங்க சொல்றது? நீங்க வரும்போது வீடு ஜில்லுனு இருக்கும். சொன்னா நம்பியிருப்பீங்களா?" பீன்ஸைக் கையில் உருட்டினாள். "வெயில்கூடப் பழகிடுச்சு. பேச ஆளில்லாததுதான் பழகவே மாட்டேங்குது. சில நாள் நீங்க 'கிளம்பிட்டேன்'னு சொல்றதுதான் காலையில நீங்க போனப்புறம் என்கிட்ட பேசற முதல் மனுஷக் குரல்."

அவர் ஆபீஸ் பேண்ட்டோடு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, கண்ணீரை மறைக்கக்கூடத் தெரியாமல் அழுதார். ரேடியோவை அவள்தான் நிறுத்தினாள்.

மறுநாள் இருவருமாக இன்ஜினியர் பெண்ணின் ஆபீசுக்குப் போனார்கள். கையெழுத்துக்கு அந்தப் பெண் பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "அந்தக் கண்ணாடியைத் தூக்கிடும்மா. மிச்சத்தை இவ சொல்லட்டும்."

மனைவி மேஜைமேல் இருந்த பிளானைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒருவரும் கேட்டிராத கேள்விக்கு உடனே பதில் வந்துவிடுமா என்ன? அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"நீ முதல்ல சொன்னதெல்லாம் சரிதாம்மா" என்று மெல்ல ஆரம்பித்தாள். "கனமான சுவரும் வேணும், மரமும் வேணும். ஆனா முற்றத்துல உக்காந்தா நான் மரத்தைத்தானே பாத்துட்டிருக்கணும்? வடக்கால ஒரு சந்து போகுதுல்ல, அந்தப் பக்கம் வெயிலும் அவ்வளவா விழாது. அங்க உக்கார்ற மாதிரி ஒரு ஜன்னல் வெச்சிடு. போறவங்க வர்றவங்க நின்னு ரெண்டு வார்த்தை பேசற உயரத்துல."

இன்ஜினியர் பெண்ணுக்கு முகம் சிறுத்துவிட்டது. வடக்கே அவள் வெறும் சுவர்தான் போட்டிருந்தாள். "எனக்குத் தோணவே இல்லம்மா. வீடு குளிர்ச்சியா இருக்கணும்னு மட்டும்தான் யோசிச்சேன்" என்று சொல்லி, அந்தச் சுவரை ரப்பரால் அழித்தாள்.

ஐஸ்பெட்டி அழித்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு சொன்னார்:

"ரோட்ல போறவன் பாக்கறதுக்காக வீடு கட்டப் பாத்தேன்மா, பகல் பூரா உள்ள இருக்கறவளை மறந்துட்டு. இனிமே யார் உன்கிட்ட வீடு கட்டணும்னு வந்தாலும், பகல்ல அங்க யாரு இருப்பாங்கன்னு முதல்ல கேளு. அவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லு. அவங்களைக் கேக்காம போட்டா, எத்தனை ஏசி மாட்டினாலும் சரி, எத்தனை மரம் வெச்சாலும் சரி, அது வெறும் கட்டடம்தான். வீடு இல்லை."