பத்து விநாடி நாடா

...நாடா பத்து விநாடிக்கு மேல் ஒரு மயிரிழை ஓடினாலும் போதும், நாற்பத்தொரு வருடப் பழி தீர்ந்துவிடும், குரல் மந்தம் என்று எழுதி அனுப்பினார்களே, மந்தமாம், வானொலி அறிவிப்பாளர் வேலைக்குக் குரலை நாடாவில் பதிவு செய்து அனுப்பியவனுக்கு இரண்டே வார்த்தையில் பதில், அவர் வாயைத் திறந்தால் மூன்றாவது தெருவில் தூங்குகிற நாய் எழுந்து உட்கார்ந்து கேட்கும், அப்பேர்ப்பட்ட குரல், அதைப் போட்டுக் கேட்ட எந்திரம்தான் மெதுவாக ஓடித் தொலைத்தது என்று முடிதிருத்துபவரிடம், சம்பந்தியிடம், வாய்நிறையப் பஞ்சோடு பல் டாக்டரிடம்கூடச் சொல்லியாயிற்று, நிரூபிக்க வேண்டாமா? வானொலி நிலையம் கழித்துப்போட்ட அதே எந்திரம் இப்போது சாப்பாட்டு மேசைமேல், தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, போகட்டும், அன்றைக்குச் சோம்பேறியாக ஓடியது இன்றைக்கு மட்டும் திருந்தியிருக்குமா என்ன...

நாடா ஓட வேண்டிய சரியான வேகம் விநாடிக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர், பத்து விநாடிக்கு நூற்றுத் தொண்ணூறு, அளந்து நாடாவில் இரண்டு வெள்ளைப் பென்சில் கோடு போட்டாயிற்று, கோடு கண்ணுக்குத் தெரிந்தால்தானே, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மனைவியின் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, ஸ்டாப் வாட்சை அவள் கையில் திணித்தார். "கோடு தாண்டும்போது 'ம்'ம்பேன், அமுக்கு. அடுத்த 'ம்'முக்கு நிறுத்து." "முப்பத்தெட்டு வருஷமா 'ம்' மட்டும்தானே சொல்றீங்க, பழகிப்போச்சு, ஓட விடுங்க."

நாடா நகர்ந்தது. ம். சரியாகப் பத்து என்று வந்துவிட்டால்? அப்புறம் உரிம அலுவலகக் கவுண்டரில் முப்பது வருடம் 'அடுத்த ஆள்' என்று கூப்பிட்டதுதான் அந்தக் குரலுக்கு எழுதி வைத்ததா, இவளும் இத்தனை வருடம் மந்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு... ம்! "எவ்வளவு?" அவள் வாட்சைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள், மறுபடி தள்ளினாள். "பத்தரை. பத்தரைக்கு மேலயே இருக்கும்." அவர் குதித்த குதியில் பிடித்திருந்த இடுப்பே விட்டுவிட்டது. "நான்தான் அப்பவே சொன்னேன்ல!" "அப்ப சொன்னீங்க, இப்ப சொன்னீங்க, நாளைக்கும் சொல்வீங்க. என் கண்ணாடியக் குடுங்க."

கண்ணாடி... அவர் மூக்கின்மேல் அல்லவா இருக்கிறது, இது இல்லாமல் மருந்துச் சீட்டைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறவள், வாட்சின் கடுகளவு இலக்கத்தை எப்படி... வாட்ச் மேசைமேல், எண் அழியாமல், கைக்கெட்டும் தூரத்தில், குனிந்தால் தெரிந்துவிடும். அவர் நிமிர்ந்தபடியே கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். மாட்டிக்கொண்டவள் வாட்ச் பக்கம் திரும்பவேயில்லை, செய்தித்தாளை விரித்து, "ஏதாவது பேசிட்டே இருங்களேன்" என்றாள்.