அப்பா சொன்ன நாலாவது பால்

எல்வுட் ரீட்ஸ் தீவன மில்லில் எடை போடுகிறவர். மாமியாரே மூட்டையோடு வந்து நின்றாலும் ஒரு பிடி கூட்டிக் கொடுக்க மாட்டார் என்று ஊரில் பேர். அந்த நல்ல பேர்தான் அன்றைக்கு அவருக்கு வினையாக வந்தது.

1947 ஆகஸ்ட். பென்சில்வேனியாவின் அந்த ஆற்றங்கரை ஊர் வெளியூர் அணிகளையும் கூப்பிட்டு, சிறுவர் பேஸ்பால் போட்டியை முதன்முதலாகப் பெரிதாக நடத்திப் பார்த்தது. அம்பயராக அப்பாக்களே முறை வைத்து நின்றார்கள். தன் பிள்ளை ஆடும்போது மட்டும் நிற்பதில்லை. ஆனால் இறுதி ஆட்டத்துக்கு நிற்க வேண்டிய சவரக்கடைக்காரர் வெயிலில் மயங்கி விழுந்தார். எல்வுட்டின் மகன் அணியோடு மோதிய எதிரணியின் பயிற்சியாளர் ஹோபர்ட்டே வந்து அவர் கையைப் பிடித்தார்.

"நீங்களே நில்லுங்க. பெத்த புள்ளைக்காக ஓரவஞ்சனை பண்ற ஆளா நீங்க?"

பெற்ற பிள்ளை மெர்ல்தான் எதிரே நின்று பந்து எறிகிறவன். பன்னிரண்டு வயது. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், சேர்க்க மாட்டார்கள். இந்தக் கோப்பை இன்று இல்லையென்றால் என்றைக்கும் இல்லை.

ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது இரண்டு அணியும் சமம். மெர்ல் களைத்திருந்தான். எதிரணிப் பையன்கள் ஓட்ட முனைகளான மூன்று பேஸிலும் நின்றார்கள். மட்டையோடு இருந்தவனுக்கு இரண்டு ஸ்ட்ரைக், மூன்று பால் ஆகியிருந்தது. தரையில் பதித்த பிளேட்டுக்கு மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் வரும் பந்தை அவன் அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக், விலகிப் போனதை விட்டால் பால்; மூன்றாவது ஸ்ட்ரைக்கில் அவன் அவுட். இன்னொரு பந்து விலகிப் போய் எல்வுட் 'பால்' என்று சொன்னால் அவன் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போவான், மற்றவர்களும் ஒவ்வொரு பேஸ் நகர, மூன்றாவதில் நிற்பவன் உள்ளே வந்து ஓட்டம் எடுத்துவிடுவான், எதிரணி ஜெயித்து ஆட்டம் முடிந்துவிடும்.

மெர்ல் எறிந்தான். முழங்காலுக்குச் சற்று மேலே, பிளேட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது பந்து. மட்டை அசையவில்லை. சுத்தமான ஸ்ட்ரைக். எல்வுட்டின் கண் பார்த்தது. ஆனால் வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற பயம் கண்ணை முந்திக்கொண்டது.

"பால்," என்றார்.

எதிரணி குதித்தது. ஹோபர்ட் ஓடிவந்து, இப்படி ஒரு நேர்மையைப் பார்த்ததில்லை என்று அவர் கையைக் குலுக்கினார். தோற்ற பையன்களின் அப்பாக்கள்கூட மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார்கள். மெர்ல் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனான். அதைத்தான் எல்வுட்டால் தாங்க முடியவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகும் மெர்ல் பந்தை உருட்டிக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். எல்வுட் அவன் பக்கத்தில் போய் அமர்ந்தார். மில்லில் ஒருநாளும் தப்புச் சொல்லாத வாய் குழறியது.

"அது ஸ்ட்ரைக்குடா தம்பி. எனக்குத் தெரிஞ்சுது. பயந்துட்டேன்."

"தெரியும்பா."

"ஹோபர்ட்கிட்டயும் போய்ச் சொல்லப் போறேன். கோப்பை ஒண்ணும் திரும்பி வராது. ஆனா சொல்லணும்."

மெர்ல் பந்தோடு எழுந்து மைதானத்தின் நடுவே போய் நின்றான்.

"கையுறையப் போட்டுக்கிட்டு உக்காருங்கப்பா. அதே பந்த இன்னொரு தடவ போடறேன். இப்ப ஒழுங்கா சொல்லுங்க."

எல்வுட் பிளேட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார். மெர்ல் எறிந்தான். பந்து ஒரு சாண் விலகிப் போயிற்று.

ஸ்ட்ரைக் என்று சொல்லிவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? பார்க்க ஒருவருமில்லை. பிள்ளை முகம் மலர்ந்தால் போதாதா?

"பால்," என்றார் மெதுவாக.

அன்றைக்கு முதன்முறையாக மெர்ல் சிரித்தான். "ஆமாப்பா, இது பால்தான்," என்று சொல்லி, பந்தைத் திருப்பிப் போடும்படி கையை நீட்டினான்.

அடுத்த பந்து முழங்காலுக்குச் சற்று மேலே, ஓரத்தை உரசிக்கொண்டு வந்து கையுறையில் அறைந்தது. எல்வுட் ரீட்ஸ் எழுந்து நின்று, ஆளில்லாத மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "ஸ்ட்ரைக்!" என்று கத்தினார். அப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.